மரத்துக்குத் தெரியாத கேள்விகள்

நியூயார்க்கின் கிரைஸ்லர் கட்டடம் 1930-ல் கட்டி முடிக்கப்பட்டது. 77 மாடி, 1,046 அடி உயரம், வடிவமைத்தவர் வில்லியம் வான் ஆலன். இவ்வளவையும் ஓர் இணையப் பக்கமாக ஏற்ற அதிக நேரம் பிடிக்காது. அந்தப் பக்கத்தை எதன் கீழே வைப்பது என்று கேட்டால்தான் கை நின்றுவிடும். நியூயார்க் என்ற ஊரின் கீழா, 1930-கள் என்ற காலத்தின் கீழா, வான் ஆலன் என்ற பெயரின் கீழா? மூன்றுக்கும் நியாயம் உண்டு. ஆனால் பக்கத்துக்கு இருப்பதோ ஒரே முகவரி.

இணையதளம் கட்டுகிறவர்கள் பலர் இதை அரைமணி நேரத்தில் முடிவு செய்துவிட்டு நிறம், எழுத்துரு, முகப்புப் படம் என்று நகர்ந்துவிடுகிறார்கள். தளம் வளர்ந்தபின் ஒருநாள், ‘1970-க்கு முன் கட்டியவற்றில் 50 மாடிக்குக் குறையாதவை எவை?’ என்று யாரோ கேட்கிறார்கள். அப்போதுதான் அந்த அரைமணி நேர முடிவின் விலை தெரிகிறது. பக்கங்களை அடுக்கும் விதத்தைத் தீர்மானிக்கும்போதே, பிற்காலத்தில் எந்தக் கேள்விக்கு விடை சுலபமாகக் கிடைக்கும், எதற்குக் கிடைக்காது என்பதையும் தீர்மானித்துவிடுகிறோம். தளத்தின் மற்ற எந்த முடிவையும்விட இதற்கு அதிக நேரம் ஒதுக்க வேண்டும் என்பது என் உறுதியான கருத்து.

பி.எச்.பி. மொழியை ராஸ்மஸ் லெர்டார்ஃப் 1995-ல் பொதுவில் வெளியிட்டபோது, அது தனிநபர் முகப்புப் பக்கங்களுக்கான சிறு கருவித்தொகுப்பு. இன்று வேர்ட்பிரஸ், ட்ரூபல், ஜூம்லா, டைப்போ3 ஆகிய உள்ளடக்க மேலாண்மை அமைப்புகள் எல்லாம் அதில்தான் எழுதப்பட்டிருக்கின்றன. தமிழ் விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கியும் அதே மொழிதான். தமிழ்நாட்டில் பன்னிரண்டாம் வகுப்புக் கணினிப் பயன்பாடுகள் பாடத்தில் பி.எச்.பி. கற்பிக்கப்படுகிறது, ஆகவே இங்கே சொல்லப்போவது பள்ளி முடித்த பல இளைஞர்களுக்கு எட்டாத விஷயம் இல்லை.

பக்கங்களின் அமைப்பையும் தேடலையும் ஒருசேரப் புரிந்துகொள்ள நான் எடுத்துக்கொள்வது பிராசஸ்வயர். அமெரிக்காவின் அட்லாண்டாவைச் சேர்ந்த ரயன் கிராமர் உருவாக்கிய இந்த அமைப்பு 2010-ல் திறமூலமாக வெளிவந்தது. வேர்ட்பிரஸ் அளவுக்குப் பெயர் பெற்றதல்ல. ஆனால் அதன் உள்கட்டுமானம் தெளிவானது. அடித்தளத்தில் என்ன நடக்கிறது என்பதைத் திறந்து பார்த்தால் விளங்கிவிடும். அதைக் கற்பிக்க அவர்கள் வைத்திருந்த மாதிரித் தளங்களில் ஒன்று அமெரிக்க நகரங்களின் வானளாவிகளைப் பற்றியது. நகரங்கள் என்று ஒரு தாய்ப்பக்கம், அதன் கீழே ஒவ்வொரு நகரம், நகரத்தின் கீழே கட்டடங்கள். வடிவமைப்பாளர்களுக்கு வேறொரு கிளை.

பிராசஸ்வயரில் எல்லாமே பக்கம். முகப்பு ஒரு பக்கம். அதன் எண் 1. கட்டடம் ஒரு பக்கம், நகரம் ஒரு பக்கம். உள்ளே நுழைந்து எழுதும் பயனரும் ஒரு பக்கம், நிர்வாகத் திரைகளும் பக்கங்களே. ஒரு பக்கம் எந்த வகையைச் சேர்ந்தது என்பதை டெம்ப்ளேட் சொல்கிறது. அந்த வகைக்கு என்னென்ன புலங்கள் உண்டு என்பதும் டெம்ப்ளேட்டில் இருக்கிறது. கட்டடம் என்ற டெம்ப்ளேட்டுக்கு உயரம், மாடி, ஆண்டு, வடிவமைப்பாளர் என்ற புலங்கள். நகரம் என்ற டெம்ப்ளேட்டுக்கு வேறு புலங்கள். பக்கம், டெம்ப்ளேட், புலம் ஆகிய இந்த மூன்றுக்கு மேல் கற்க வேண்டிய அடிப்படை எதுவும் இல்லை.

தரவுத்தளத்தில் இது எப்படி உட்காருகிறது என்று பார்க்கலாம். பக்கங்களுக்கென்று ஓர் அட்டவணை. அதன் ஒவ்வொரு வரிசையிலும் பக்கத்தின் எண், தாய்ப்பக்கத்தின் எண், டெம்ப்ளேட்டின் எண், முகவரியில் வரும் பெயர், நிலை, வரிசை இடம், உருவான நேரம், மாற்றிய நேரம் ஆகியவை இருக்கும். தலைப்பு கூட அதில் கிடையாது. ஒவ்வொரு புலத்துக்கும் தனித்தனி அட்டவணை உண்டு. உயரம் என்ற புலத்தின் அட்டவணையில் இரண்டே நிரல்கள்: பக்கத்தின் எண், அதற்குரிய மதிப்பு. கிரைஸ்லரின் 1,046 அங்கே ஒரு வரிசை. எம்பயர் ஸ்டேட்டின் 1,250 இன்னொரு வரிசை. மதிப்பு நிரலுக்கு இண்டெக்ஸ் போடப்பட்டிருப்பதால், ஆயிரத்துக்கு மேற்பட்டவை எவை என்று கேட்டால் தரவுத்தளம் எல்லா வரிசைகளையும் புரட்ட வேண்டியதில்லை.

இங்கே கவனிக்க வேண்டியது, முழு முகவரி பக்கங்களின் அட்டவணையில் எங்கும் எழுதப்படவில்லை என்பது. கட்டடத்துக்குத் தன் தாய் யார் என்று தெரியும். தாய்க்குத் தன் தாய் யார் என்று தெரியும். அப்படியே முகப்பு வரை ஏறிப் பெயர்களைக் கோத்தால் முகவரி கிடைத்துவிடும். ஒரு தாய்க்குக் கீழே ஒரே பெயரில் இரண்டு பக்கம் இருக்க முடியாது என்று தரவுத்தளமே காவல் நிற்கிறது. வெவ்வேறு தாய்க்குக் கீழே இருக்கலாம். இந்த விதி எவ்வளவு பொருத்தமானது என்பதை அமெரிக்க வானளாவிகளே காட்டுகின்றன. பேங்க் ஆஃப் அமெரிக்கா பிளாசா என்ற பெயரில் அட்லாண்டாவில் 55 மாடிக் கட்டடம் உண்டு, 1992-ல் முடிந்தது. அதே பெயரில் டல்லஸில் 72 மாடிக் கட்டடம் உண்டு, 1985-ல் முடிந்தது. எல்லாக் கட்டடங்களையும் ஒரே தாய்க்குக் கீழே கொட்டினால் இரண்டும் மோதும். ஊரின் கீழே வைத்தால் மோதாது. கட்டடம் ஊர்விட்டு ஊர் போகாது என்பதும் சேர்ந்துகொள்கிறது. ஆகவே முகவரியில் ஊர் இருப்பது சரியான முடிவு. ஆண்டையோ வடிவமைப்பாளரையோ முகவரியில் ஏற்றியிருந்தால் தவறு என்பேன்.

ஏன் தவறு என்பதற்கு 1970-ல் வெளிவந்த ஆய்வுக்கட்டுரை ஒன்றைப் பார்க்க வேண்டும். அதற்கு இரண்டு ஆண்டு முன்னால், 1968-ல், ஐ.பி.எம். நிறுவனம் ஐ.எம்.எஸ். என்ற தரவு மேலாண்மை அமைப்பை ஓட விட்டிருந்தது. நிலவுக்கு மனிதனை அனுப்பிய அப்பல்லோ திட்டத்தின் எண்ணற்ற உதிரிப் பாகங்களைக் கணக்கில் வைப்பதற்காக உருவானது அது. அதன் அமைப்பு மரம்: மேலே தொகுதி, கீழே உட்தொகுதி, அதன் கீழே பாகம். ஐ.பி.எம்.மின் சான் ஹோசே ஆய்வகத்தில் இருந்த எட்கர் காட், அதே நிறுவனத்தில் இருந்துகொண்டே, அந்த 1970 கட்டுரையில் இத்தகைய மர அமைப்பின் அடிப்படைக் குறையைச் சுட்டினார். பாகங்கள், திட்டங்கள், எந்தப் பாகம் எந்தத் திட்டத்துக்குப் போகிறது என்ற தொடர்பு ஆகிய எளிய தகவலை எடுத்துக்கொண்டார். திட்டத்தின் கீழே பாகங்களை வைக்கலாம். பாகத்தின் கீழே திட்டங்களை வைக்கலாம். இப்படி ஐந்து விதமாக அடுக்கிக் காட்டினார். ஓர் அடுக்குக்காக எழுதிய கணினி நிரல் இன்னோர் அடுக்கில் வேலை செய்யாது. தகவல் மாறவில்லை, அது நிற்கும் இடம் மாறியதற்கே நிரல் உடைகிறது. இதற்குத் தீர்வாக அவர் முன்வைத்ததுதான் உறவுமுறைத் தரவுத்தளம். எதுவும் எதற்கும் கீழே இல்லை, எல்லாம் அட்டவணைகள், அட்டவணைகளைப் பொது மதிப்புகளால் இணைத்து எந்தப் பக்கத்திலிருந்தும் கேள்வி கேட்கலாம்.

ஆக, இணையத்தின் முகவரி மரமாக வளர்கிறது. அதைத் தாங்கும் மைசீக்வெல் போன்ற தரவுத்தளமோ மரத்தின் குறையைத் தீர்க்க வந்த அட்டவணை. உள்ளடக்க மேலாண்மை அமைப்பு என்று நாம் சொல்லும் எதுவும் இந்த இரண்டுக்கும் நடுவில் நின்று சமரசம் செய்கிற மென்பொருள்தான். நல்ல அமைப்பையும் சுமாரான அமைப்பையும் பிரிப்பது அந்தச் சமரசத்தின் தரம்.

அட்டவணைக்கு மரம் எவ்வளவு சிரமம் தரும் என்பதற்கு ஓர் உதாரணம். சிகாகோவின் நேரடிச் சேய்ப்பக்கங்கள் வேண்டும் என்றால், தாய் எண் சிகாகோவாக இருக்கும் வரிசைகளை எடுத்தால் போதும். சிகாகோவுக்குக் கீழே எத்தனை தலைமுறை ஆழத்தில் இருந்தாலும் எல்லாம் வேண்டும் என்றால்? சேய்களை எடுத்து, அவற்றின் சேய்களை எடுத்து, மறுபடி மறுபடி கேட்க வேண்டும். இப்படித் தன்னையே திரும்ப அழைக்கும் வினவலை மைசீக்வெல் ஏற்றுக்கொண்டது 2018-ல் வந்த 8.0 பதிப்பில்தான். அதற்கு முன்பே பிறந்த பி.எச்.பி. அமைப்புகள் ஆளுக்கொரு வழி கண்டுபிடிக்க வேண்டியிருந்தது. பிராசஸ்வயர் கண்ட வழி, முன்னோர்களுக்கென்று ஒரு துணை அட்டவணை. சேய்களை உடைய ஒரு பக்கம் எந்தெந்த முன்னோரின் கீழே வருகிறது என்பதை முன்கூட்டியே அதில் எழுதி வைத்துவிடும். பக்கத்தை வேறிடத்துக்கு நகர்த்தும்போது அந்த வரிசைகளைத் திருத்தும். பக்கங்கள் நகர்வது அபூர்வம், படிக்கப்படுவது ஓயாமல் நடப்பது. ஆகவே எழுதும்போது கொஞ்சம் உழைத்துவிட்டுப் படிக்கும்போது சும்மா இருப்பது லாபம்.

இனி அந்தக் கேள்விக்கு வரலாம். 1970-க்கு முன் கட்டியவற்றில் 50 மாடிக்குக் குறையாதவை, உயரமானது முதலில், இருபது மட்டும். பிராசஸ்வயரில் இதற்கு எழுதுவது ஒரே வரி. நிஜத்தில் ரோமன் எழுத்தில் தட்டுவதைத் தமிழில் எழுதிக்காட்டுகிறேன்:

டெம்ப்ளேட்=கட்டடம், மாடி>=50, ஆண்டு<1970, சார்ட்=-உயரம், லிமிட்=20

காற்புள்ளி ஒவ்வொன்றும் ‘மேலும்’ என்று பொருள்படும். சார்ட் என்பதில் உள்ள கழித்தல் குறி இறங்குவரிசையைக் குறிக்கிறது. இதை வாங்கிய அமைப்பு உள்ளே, தரவுத்தள மொழியான சீக்வெலில் வினவல் ஒன்றைக் கட்டுகிறது. பக்கங்களின் அட்டவணையில் கட்டட டெம்ப்ளேட் உள்ளவற்றை எடு. மாடி அட்டவணையோடு பக்க எண்ணால் இணைத்து 50-க்குக் குறைந்ததை விடு. ஆண்டு அட்டவணையோடு இணைத்து 1970-க்கு முந்தையதை வை. உயர அட்டவணையோடு இணைத்து வரிசைப்படுத்து. முதல் இருபதைக் கொடு. நமக்குத் தெரிந்த கட்டடங்களில் எம்பயர் ஸ்டேட் முதலில் வரும்: 102 மாடி, 1931. அடுத்து சிகாகோவில் 1969-ல் முடிந்த ஜான் ஹான்காக் மையம், 100 மாடி, 1,128 அடி. பிறகு கிரைஸ்லர். மீஸ் வான் டெர் ரோவின் புகழ்பெற்ற சீக்ராம் கட்டடம் 38 மாடிதான் என்பதால் வராது. இரண்டு ஊர்க் கட்டடங்கள் ஒரே பட்டியலில் கலந்து வந்ததைக் கவனியுங்கள். மரத்தின் எந்தக் கிளையில் நின்று பார்த்தாலும் இந்தப் பட்டியல் கண்ணில் படாது. புலங்கள் தனியாக இருந்ததால்தான் படுகிறது.

ஒரு பொருளுக்கு ஓரிடம்தான் என்ற நெருக்கடியை இணையத்துக்கு வெகுகாலம் முன்பே சந்தித்தவர்கள் நூலகர்கள். புத்தகம் ஒரே அலமாரியில்தான் நிற்க முடியும். 1876-ல் வந்த மெல்வில் டியூயியின் பகுப்பு முறை, அறிவையெல்லாம் பத்தாகப் பிரித்து, அதைப் பத்தாகப் பிரித்து, மரம்போல் இறங்கியது. சீர்காழியில் 1892-ல் பிறந்து, கணித ஆசிரியராக இருந்து, 1924-ல் சென்னைப் பல்கலைக்கழக நூலகர் ஆன எஸ்.ஆர். ரங்கநாதனுக்கு அந்த மரம் போதவில்லை. நூலகவியல் படிக்க லண்டன் சென்றிருந்தபோது, துண்டுகளை மாட்டிப் பல உருவங்கள் செய்யும் மெக்கானோ விளையாட்டுப் பொருளைக் கடை ஒன்றில் பார்த்தது அவருக்குத் திறவுகோலானது. முன்கூட்டியே எல்லாப் பெட்டிகளையும் செய்துவைக்க வேண்டாம். அடிப்படைக் கூறுகளை மட்டும் வைத்துக்கொண்டு வேண்டியபோது கோத்துக்கொள்ளலாம். 1933-ல் அவர் வெளியிட்ட கோலன் பகுப்பு முறை அப்படிப்பட்டது. ஆளுமை, பொருள், ஆற்றல், இடம், காலம் என்ற ஐந்து கூறுகளைப் பிற்பாடு அவர் வகுத்தார். இன்று இணையக் கடைகளில் விலை, அளவு, நிறம் என்று ஓரத்தில் தேர்ந்தெடுத்து வடிகட்டுகிறோமே, தகவல் அறிவியல் அதன் வேர்களை ரங்கநாதனிடம்தான் தேடுகிறது. இணையதளத்தின் பக்க அமைப்பைத் திட்டமிடும் தமிழர் ஒருவர் ரங்கநாதனைப் படிக்காமல் வெளிநாட்டுக் கையேடுகளை மட்டும் படிப்பது எனக்கு வருத்தம் தரும் விஷயம். ஆண்டு, மாடி, உயரம் என்று புலங்களைப் பிரிப்பதும் அவர் சொன்ன கூறுகளைப் பிரிப்பதும் ஒரே சிந்தனை.

எதைப் புலமாக்குவது, எதைத் தனிப் பக்கமாக்குவது என்ற கேள்வி இன்னும் நுட்பமானது. வடிவமைப்பாளரை எடுத்துக்கொள்வோம். சிகாகோவின் ஜான் ஹான்காக் மையத்திலும் சியர்ஸ் கோபுரத்திலும் கட்டடக் கலைஞர் புரூஸ் கிரகாமும் டாக்காவில் பிறந்த கட்டமைப்புப் பொறியாளர் ஃபஸ்லுர் ரஹ்மான் கானும் சேர்ந்து உழைத்தார்கள். வடிவமைப்பாளர் என்பதை வெறும் எழுத்துப் புலமாக வைத்தால், ஒருவர் ஃபஸ்லுர் கான் என்று அடிப்பார், இன்னொருவர் எஃப்.ஆர். கான் என்பார், மூன்றாமவர் முழுப் பெயரையும் எழுதுவார். கணினிக்கு மூவரும் வேறு வேறு ஆள். முதலெழுத்தோடு பெயர் எழுதும் நம் ஊரில் இந்தத் தொல்லை இரட்டிப்பு. கானுக்கென்று ஒரு பக்கம் செய்து, கட்டடத்தின் புலத்தில் அந்தப் பக்கத்தைச் சுட்டினால் குழப்பம் தீர்ந்தது. சுட்டுப் புலத்தின் அட்டவணையில் கட்டடத்தின் எண், கானின் எண், வரிசை இடம் என்று மூன்று நிரல்கள். ஒரு கட்டடத்துக்குப் பல பேர் இருக்கலாம். ஒருவருக்குப் பல கட்டடங்கள் இருக்கலாம். கானின் பக்கத்தில் நின்று ‘என்னைச் சுட்டுபவை எவை’ என்று கேட்டால் சிகாகோவின் இரண்டோடு ஹூஸ்டனில் 1971-ல் எழுந்த ஒன் ஷெல் பிளாசாவும் வந்து சேரும். கானின் பக்கத்தில் அவர் பிறந்த ஊரும் ஒரு புலமாக இருந்தால், டாக்காவில் பிறந்தவர் பங்கேற்ற கட்டடங்கள் எவை என்று கேள்விக்குள் கேள்வியாகவும் கேட்கலாம்.

நான் பின்பற்றும் அளவுகோல் இதுதான். ஒன்றைப் பற்றி என்றாவது இன்னொரு தகவல் சொல்ல வேண்டிவரும் என்றால் அது பக்கம். எண்ணோ தேதியோ மட்டும் என்றால் புலம். மாடி எண்ணிக்கையைப் பற்றி மேற்கொண்டு சொல்ல எதுவும் இல்லை. வடிவமைப்பாளரைப் பற்றிச் சொல்ல ஒரு வாழ்க்கையே இருக்கிறது.

எண்ணால் சுட்டுவதில் இன்னொரு நன்மை பெயர் மாறும்போது தெரியும். சியர்ஸ் கோபுரம் 2009-ல் வில்லிஸ் கோபுரம் ஆனது. ஜான் ஹான்காக் மையம் 2018-ல் அந்தப் பெயரை இழந்து, தெரு முகவரியான 875 நார்த் மிச்சிகன் அவென்யூ என்றே அழைக்கப்படுகிறது. தளத்தில் தலைப்பையும் முகவரிப் பெயரையும் மாற்றிவிடுவோம். பக்கத்தின் எண் மாறாது, ஆகவே கானின் பக்கத்திலிருந்து வரும் இணைப்பு எதுவும் அறாது. வெளியிலிருந்து பழைய முகவரியைத் தேடி வருகிறவர்களுக்கு, பிராசஸ்வயரோடு வரும் முகவரி வரலாற்றுக் கருவியை முடுக்கிவிட்டால் போதும். பழைய முகவரியைப் பக்க எண்ணோடு குறித்து வைத்து, வருகிறவரைப் புதிய இடத்துக்கு அனுப்பும். தளத்தைத் தொடங்கும் நாளிலேயே இதைச் செய்துவிட வேண்டும்; மாற்றிய பிறகு முடுக்கினால் பழையது அதற்குத் தெரியாது.

தேடல் குறிகளுக்கும் விலை உண்டு. மாடி=77 என்று சமக்குறி போட்டுக் கேட்பது மலிவு; இண்டெக்ஸ் நேராகக் கொண்டுபோய் நிறுத்தும். நீண்ட உரைக்குள் ஒரு சொல்லைத் தேடும்போதுதான் தேர்வு வருகிறது. சதவீதக் குறியும் சமக்குறியும் சேர்ந்த வடிவம் உரையின் எந்த மூலையிலும் அந்த எழுத்துத் தொடர் இருக்கிறதா என்று பார்க்கும்; சொல்லின் நடுப்பகுதியைக்கூடக் கண்டுபிடிக்கும்; ஆனால் இண்டெக்ஸ் உதவாது, வரிசை வரிசையாகப் படித்தாக வேண்டும். நட்சத்திரக் குறியும் சமக்குறியும் சேர்ந்த வடிவம் முழு உரை இண்டெக்ஸைப் பயன்படுத்தும், வேகமானது; ஆனால் மிகச் சிறிய சொற்களை அந்த இண்டெக்ஸ் கணக்கில் எடுக்காது. பக்கங்கள் சில நூறு என்றால் இரண்டுக்கும் வேறுபாடு தெரியாது. ஆயிரக்கணக்கில் போனால் தெரியும்.

அதைவிடப் பெரிய விரயம் லிமிட் போடாமல் எடுப்பது. எத்தனை கட்டடம் என்ற எண்ணிக்கை மட்டும் வேண்டியபோது எல்லாப் பக்கங்களையும் நினைவகத்தில் ஏற்றி எண்ணுகிற நிரலை நான் அடிக்கடி பார்க்கிறேன். எண்ணிக்கைக்கென்றே தனிக் கட்டளை இருக்கிறது. அது தரவுத்தளத்திடம் எண்ணை மட்டும் கேட்டு வாங்கும். இன்னொன்று, பிராசஸ்வயர் பக்கத்தை ஏற்றும்போது எல்லாப் புலங்களையும் ஏற்றாது. கேட்கும்போதுதான் ஒவ்வொன்றாகப் போய் எடுக்கும். இது பெரும்பாலும் நல்லது. ஆனால் ஐம்பது கட்டடங்களைப் பட்டியலிட்டு ஒவ்வொன்றின் உயரத்தையும் காட்டினால், பட்டியலுக்கு ஒரு வினவல், உயரத்துக்கு ஐம்பது வினவல் என்று பெருகும். பட்டியலில் எப்போதும் வரும் புலங்களுக்கு, பக்கத்தோடு சேர்ந்தே ஏறும்படி அமைப்பில் குறித்துவிடலாம். தலைப்புக்கு அப்படிச் செய்வது வழக்கம்.

பாதுகாப்பைப் பற்றி ஒன்று அழுத்திச் சொல்ல வேண்டும். வருகையாளர் தேடல் பெட்டியில் அடிப்பதை அப்படியே மேலே காட்டிய வரிக்குள் செருகினால், அவர் அடிக்கும் காற்புள்ளியும் கட்டளையாகிவிடும். பிராசஸ்வயர் வழக்கமாக மறைத்துவைத்த பக்கங்களையும் வெளியிடாத வரைவுகளையும் தேடலில் காட்டாது. ஆனால் எல்லாவற்றையும் சேர் என்று பொருள்படும் நிபந்தனை ஒன்று அதற்கு உண்டு. சொல், காற்புள்ளி, அந்த நிபந்தனை என்று ஒருவர் பெட்டியில் எழுதினால் நாளை வெளியிடவேண்டியது இன்றே அவர் கண்ணில் பட்டுவிடும். மதிப்பைச் சுத்திகரித்து மேற்கோளுக்குள் அடைக்கும் கருவி அமைப்பிலேயே இருக்கிறது. அதன் வழியாகச் செல்லாத எந்த வெளிச்சொல்லும் வினவலுக்குள் போகக் கூடாது.

வேர்ட்பிரஸ் வேறு வழியில் போனது. 2003-ல் மேட் முல்லன்வெக், மைக் லிட்டில் இருவரும் தொடங்கியபோது அது பதிவுகள் எழுதும் கருவி; கூடுதல் புலங்கள் பிறகு சேர்ந்தவை. எல்லாப் பக்கங்களின் எல்லாக் கூடுதல் புலங்களும் ஒரே அட்டவணையில் குவிகின்றன: பக்க எண், புலத்தின் பெயர், மதிப்பு. மதிப்பு நிரல் நீண்ட உரை வகை, அதற்கு இண்டெக்ஸும் இல்லை. நெகிழ்வு என்று பார்த்தால் இதைவிட எளிது கிடையாது. எந்தப் புலத்தையும் எப்போதும் சேர்க்கலாம். ஆனால் எண்ணும் உரையாகவே கிடக்கிறது. ஹூஸ்டனில் ஜே.பி. மார்கன் சேஸ் கோபுரம் 1,002 அடி, வெல்ஸ் ஃபார்கோ பிளாசா 992 அடி. உரையாக ஒப்பிட்டால் முதல் இலக்கம் 9 என்பது 1-ஐவிடப் பெரியது. குட்டையான கட்டடம் மேலே ஏறிவிடும். மதிப்பை எண்ணாகக் கொள் என்று வினவலில் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். ட்ரூபல் 2011-ல் வந்த 7-ஆம் பதிப்பிலிருந்து புலத்துக்கு ஓர் அட்டவணை என்ற வழியில்தான் இருக்கிறது.

தரவுத்தளமே வேண்டாம் என்று போனவர்களும் உண்டு. ஜெர்மனியின் பாஸ்டியன் ஆல்கயர் உருவாக்கிய கர்பியில் ஒவ்வொரு பக்கமும் ஒரு கோப்புறை, உள்ளே ஓர் உரைக்கோப்பு. மரம் வட்டிலேயே கண்ணுக்குத் தெரியும். வடிகட்டும் வேலையை பி.எச்.பி.யே கோப்புகளைப் படித்துச் செய்கிறது. சில நூறு பக்கத் தளத்துக்கு இது அருமையான ஏற்பாடு. கேள்விகள் அதிகமான தளத்துக்கு நான் பரிந்துரைக்க மாட்டேன்.

தமிழில் தளம் நடத்துகிறவர்களுக்கு முகவரியில் தனிச் சிக்கல் ஒன்று இருக்கிறது. தமிழின் ஒவ்வொரு குறியும் யூ.டி.எஃப்-8 முறையில் 3 பைட் எடுக்கும். முகவரிக்குள் போகும்போது ஒவ்வொரு பைட்டும் ஒரு சதவீதக் குறியும் இரண்டு இலக்கமுமாக விரியும். ஆக ஒரு குறிக்கு 9 இடம். புள்ளியும் துணைக்காலும் கொம்பும் தனிக் குறிகள் என்பதால் ‘கி’ என்ற ஓர் எழுத்துக்கு 18 இடம் போகிறது. வேர்ட்பிரஸ் முகவரிப் பெயரை இந்த விரிந்த வடிவிலேயே சேமிக்கிறது. அதற்கு ஒதுக்கியிருப்பது 200 இடம். 22 குறிகளோடு கதவு மூடிவிடும். ‘வானளாவிகளின் கட்டடக்கலை’ என்ற இரண்டு சொல் தலைப்பு 199 இடத்தைப் பிடித்துவிடுகிறது; மூன்றாவது சொல் எது வந்தாலும் வெட்டுப்படும். தலைப்பின் தொடக்கம் ஒன்றாக இருக்கும் பக்கங்கள் பல, கடைசியில் ஓர் எண் மட்டும் மாறிய ஒரே முகவரியோடு நிற்பது இதனால்தான்.

பிராசஸ்வயர் தொடக்க நிலையில் முகவரிப் பெயரில் ரோமன் எழுத்தையும் எண்ணையும் சிறுகோடு போன்ற சில குறிகளையும் மட்டுமே ஏற்கும். அமைப்புக் கோப்புகளில் சில வரிகளை மாற்றினால் தமிழையும் ஏற்கும். அப்போது அது சேமிக்கும் வடிவம் பன்மொழி இணையப் பெயர்களுக்குப் பயன்படும் பியூனிகோடு முறையைச் சார்ந்தது; சதவீத முறையைவிட வெகு சிக்கனம். சிங்கப்பூர் நாட்டின் தமிழ் இணையப் பெயரான ‘சிங்கப்பூர்’ என்பதில் 11 குறிகள். சதவீத முறையில் அது 99 இடம். பியூனிகோடில் முன்னொட்டு நீங்கலாக 18. பெயருக்கு ஒதுக்கிய 128 இடத்தில் நான்கைந்து தமிழ்ச் சொற்கள் தாராளமாக அடங்கும். எந்த அமைப்பாக இருந்தாலும், முகவரிப் பெயரைத் தலைப்பிலிருந்து தானாக உருவாக விடாமல் ஆசிரியரே இரண்டு சொல்லில் கையால் எழுத வேண்டும் என்று சொல்வேன். தலைப்பு வேண்டிய அளவு நீளட்டும். அதற்குத் தனிப் புலம் இருக்கிறது.